ஓர் என் கூடுதல்

ஆங்கிலத்தில் எழுதும்போது
எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே பெயர்.
அவள் லக்சிகா, நான் லக்சிகன்.
எனக்கு வாலில் ஓர் என் கூடுதல், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த
கடித உறையின் சன்னலுக்குள்
தாள் சற்று நழுவிக் கிடந்தது.
பெயரின் வால் தெரியவில்லை.
அப்பா அதைக் கிழிக்காமல்
குசினி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
வெதுப்பகத்து இரவு வேலைக்குப் புறப்பட்ட அம்மா
ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நின்றாள்.
அந்த அரை நிமிடம்
நானும் கெட்டிக்காரனாக இருந்தேன்.

கிழித்தார்.
என் இல்லை.

துரித வகுப்பு என்று மொழிபெயர்த்தார் அப்பா.
மூன்று வருசப் படிப்பை இரண்டில் முடிக்கலாம்,
பல்கலைக்கழகப் பாடம் இரண்டு
இங்கேயே கணக்கில் சேர்ந்துவிடுமாம்.
லக்சிகாவுக்கு இது புதிதா?
என்னைவிட ஏழு நிமிடம் முந்திப் பிறந்தவள்.
மொன்றியல் மாமி தொலைபேசியில்
பத்து நிமிடம் சந்தோசப்பட்டுவிட்டுக் கேட்டாள்:
மற்றவர் என்ன செய்யிறார்?
மற்றவர் அப்போது குப்பைப் பை கட்டிக்கொண்டிருந்தார்.

செப்ரெம்பரிலும் அதே ஸ்காபரோ,
மோர்னிங்சைட் வீதியில் அதே பஸ்.
ஏறும்போது ஒன்றாகத்தான் ஏறுவோம்.
அவளுக்கு மூன்றாம் மாடி,
வேறு பள்ளிக்கூடங்களிலிருந்தெல்லாம்
பொறுக்கி எடுத்த இருபத்தெட்டுப் பேர்.
எங்கள் வகுப்பு கீழே, ஜிம்முக்குப் பக்கத்தில்.
கூடைப்பந்து சுவரில் மோதும் சத்தத்துக்குள்
இருபடிச் சமன்பாடு படித்தோம்.
எக்ஸ் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் துள்ளியது.

வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதி
அவளுடைய நிற நிறமான குறிப்பு அட்டைகள்.
சம்பல் பட்டு
மைற்றோகொண்டிரியா ஒன்று சிவந்திருந்தது.
இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில்
தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள்.
பில் கூடிப்போச்சு, குளிக்கிறியோ நீந்திறியோ என்று
அப்பா எனக்குத்தான் ஏசினார்.
நீந்துறன், என்றேன்.

ஜனவரியில் ஒருநாள் நெருப்பு மணி அடித்தது.
பயிற்சியா உண்மையா, ஒருவருக்கும் தெரியாது.
மைனஸ் பதினேழு.
மூன்று மாடியும் வாகனத் தரிப்பிடத்தில்
ஒரே பனியில் கொட்டுப்பட்டு நின்றோம்.
ஆய்வுகூட வெள்ளை அங்கியோடு லக்சிகா,
பாதுகாப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல்.
என் ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினேன்.
பக்கத்தில் நின்றவள் கேட்டாள், யார் இவன்?

லக்சிகா என்னைப் பார்க்கவில்லை.
பஸ்ஸில வாறவன், என்றாள்.

பொய் இல்லை.
பிறகு எத்தனையோ தரம் புரட்டிப் பார்த்தும்
அதில் ஒரு பொய் எனக்கு அகப்படவில்லை.
முன்னால் ஓர் என் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

மணி நின்றது.
ஆசிரியர் அறையில் யாரோ பாணைக் கருக்கிவிட்டார்களாம்.
ஜாக்கெட் அவளோடு மூன்றாம் மாடிக்குப் போய்
பின்னேரம் என் லொக்கரில் தொங்கியது.
பையில் ஒரு நீல அட்டை.
மன்னிப்பாக்கும் என்று எடுத்தேன்.
நித்திரைக் கணக்கு.
திங்கள் மூன்று மணித்தியாலம்.
செவ்வாய் இரண்டரை.
புதனுக்கு நேரே ஒரு கோடு.
வியாழனுக்கு நேரே ஒரு கேள்விக்குறி,
விடை தெரியாத கணக்குக்குப் போடுவதுபோல.

அன்றிரவும் தண்ணீர் ஓடியது.
எழுந்துபோய்க் குசினிக் குழாயையும் திறந்துவிட்டேன்.
ஏசினால் இரண்டுக்கும் சேர்த்து ஏசட்டும்.
கோப்பைகளின் மேல் விழுந்து அது
இன்னும் பெரிய சத்தம் போட்டது.

கொஞ்ச நேரத்தில் குளியலறைக் குழாய் நின்றது.
கதவுக்குப் பின்னாலிருந்து
மூக்கடைத்த குரலில், ஆரது? என்றாள்.

பஸ்ஸில வாறவன், என்றேன்.